கணினிக் காலக்கணக்கில் எண் வழிதலும் அதன் திருத்தமும்

நிறைவு விழா என்பது எண்ணிக்கையால் வருவதொன்று. கல்லூரி தோன்றிய நாள்தொட்டு ஆண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணி வந்தமையாலன்றோ இம்மலர் மலர இடம் ஏற்பட்டது! அவ்வாறு எண்ணுங் கருவி ஓரெல்லையில் நிரம்பி, மீண்டுந் தொடக்கத்துக்கே திரும்பிவிடுமாயின் என்னாகும்? இவ்வினா நகைப்புக்குரியதன்று. நம் முன்னோர் வழங்கிய ஆண்டுக் கணக்கே அத்தகையது. பிரபவ முதல் அட்சய ஈறாகப் பெயர்கள் அறுபது. அறுபதும் முடிந்தால் மீண்டும் பிரபவ. 1927இல் வந்த பிரபவ 1987இலும் வந்தது; 2047இலும் வரும். பழைய உறுதி ஒன்றிலே பிரபவ வருடம் என்று மாத்திரம் எழுதியிருப்பின், அஃது எச்சுற்றைச் சேர்ந்தது என்பதைப் பிற சான்று கொண்டே துணிதல் வேண்டும். சுற்றிவருதல் குற்றமன்று, எச்சுற்று என்பதை மறத்தலே குற்றம்.

இன்று உலகெங்கும் பயிலுங் கணினிகளின் காலக்கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. அதனை எண் வழிதல் என்பர். யாம் கணிதம் பயின்று பட்டம் பெற்றேமல்லேம், பயிற்றப்பட்ட தமிழாசிரியரேயாவோம். எனினும், உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் பயிலும் மலைநாட்டு மாணவர் சிலர், பாத்திரத்தில் நீர் வழிவது கண்டோம், எண் எவ்வாறு வழியும் என்று ஒருநாள் எம்மை வினவினர். சொல்லுக்குப் பொருள் கூறப் புகுந்த யாம், அச்சொல் குறிக்கும் நிகழ்ச்சியையும் கற்கவேண்டியவரானோம். கற்றதனை இங்கு பாடமாகத் தருகின்றோம்.

1. லொறி மீற்றர் தந்த பாடம்

எம் தந்தையார் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில் லொறி ஓட்டியவர். அவர் ஓட்டிய பழைய லொறியில் மைல் காட்டும் மீற்றருக்கு ஐந்து கட்டங்களே இருந்தன. 99,999 ஆனபின் அடுத்த மைலில் ஐந்து கட்டங்களும் புரண்டு 00,000 என நிற்கும். ஆறாவது கட்டத்தில் வந்திருக்கவேண்டிய ஒன்று நிற்க இடமின்றி வழிந்துபோகும். எண் வழிதல் என்பது இவ்வளவே.

ஒருநாள் தந்தையார் புறப்படும்போது மீற்றர் 99,987 காட்டிற்று. ஹட்டன் நகருக்குச் சென்று மீண்டபோது 00,015 காட்டிற்று. தோட்டக் காரியாலயத்திலிருந்த எழுதுவினைஞர் பெரிதிற் சிறிதைக் கழித்தார். 99,972 மைல் வந்தது. ஒரு பகலில் இத்தனை மைல் ஓடியவர் எவருமிலர் என்று நகைத்து, ஓட்டம் இல்லை என எழுதினார். ஓட்டம் இல்லையெனின் எரிந்த எண்ணெய் எங்கே? எண்ணெயின் விலை தந்தையார் பெயரிற் பற்றாக எழுதப்பட்டது. மூன்று நாட்கள் எம் வீட்டில் அடுப்பெரிந்ததேயன்றி எவரும் வாய்விட்டுப் பேசவில்லை. நான்காம் நாள், முதுமையெய்திய கணக்கப்பிள்ளை ஒருவர் துண்டுக் கடதாசியொன்றை எடுத்து, “ஐயா, மீற்றருக்குக் கட்டம் ஐந்துதானே? ஆறாவது கட்டத்திலே ஒன்று இருக்கிறதாக வைத்துக் கழித்துப் பாருங்கள்” என்றார். 100,015இல் 99,987 போக எஞ்சுவது 28. ஓடிய தூரமும் அதுவே. பற்று அடிக்கப்பட்டது.

மீற்றர் பழுதுபட்டதன்று, தன் இயல்பின்படியே புரண்டது. பழுதெல்லாம் அதனைப் படித்தவர் கொண்ட விதியில் இருந்தது. கணினியிலும் அவ்வாறே என்பதை இனிக் காண்பாம்.

2. கணினி காலத்தை எண்ணுமாறு

கணினியின் உறுப்புக்களையெல்லாம் ஆண்டு நடத்தும் அடிப்படைச் செய்நிரற் றொகுதியைப் பணிசெயல் முறைமை என்பர். அது நாட்காட்டி பார்ப்பதில்லை. ஒரு குறித்த கணத்திலிருந்து கடந்த செக்கன்களை எண்ணிக்கொண்டேயிருக்கும். செக்கன் என்னுஞ் சொல்லை யாம் வேண்டுமென்றே ஆள்கின்றோம். நாழிகையின் அறுபதில் ஒரு கூறாகிய விநாடி பழைய கணக்கில் 24 செக்கன் ஆதலின், இரண்டும் மயங்கலாகாது.

யுனிக்ஸ் என்னும் முறைமையில் அத்தொடக்கக் கணம் 1970 ஜனவரி 1ஆந் திகதி கிறீனிச் நள்ளிரவு. உள்ளூர்க் கடிகாரம் மாறினும் இவ்வெண் மாறாது. நம் இலங்கையில் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு 1996 மே 25இற் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்வைத்தனர். அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்வைத்தனர். 2006 ஏப்ரல் 15இல் மற்றை அரை மணியையும் பின்வைத்துப் பழைய நேரத்துக்கே மீண்டனர். அக்காலத்திற் பள்ளி மணி குழம்பியதை நம்மிற் பலர் அறிவோம். கணினியின் உள்ளெண்ணோ குழம்பவில்லை. அதனை உள்ளூர் நேரமாக மாற்றிக் காட்டும் அட்டவணையே திருத்தப்பட்டது. செக்கன்களை எண்ணும் முறையின் சிறப்பு இது.

குறை எங்கே எனின், அவ்வெண்ணை இட்டுவைக்குங் கலத்தில். கணினி 0, 1 என்னும் இரண்டிலக்கங்களாலேயே எண்ணும். ஓரிலக்கம் நிற்கும் இடம் ஒரு பிற்று. நான்கு பிற்றுக் கலமொன்றை எடுத்துக்கொள்வோம். மறை எண்ணும் வேண்டுமாதலின், இடக்கோடியிலுள்ள பிற்று 1 ஆயின் மறை, 0 ஆயின் நேர் எனக் கொள்வர். அப்போது 0111 என்பது 7. அதனோடு ஒன்று கூட்டினால் 1000. நாம் எதிர்பார்ப்பது 8. கணினி கொள்வதோ மறை 8. ஏணியின் உச்சிப்படியிலிருந்து ஓரடி மேலே வைத்தவன் அதன் அடிப்படிக்கும் கீழே சென்று நிற்பது போலாம்.

யுனிக்ஸும் அதன் வழிவந்தனவும் நெடுங்காலம் இவ்வெண்ணுக்கு 32 பிற்றுக்களையே ஒதுக்கின. அக்கலங் கொள்ளும் மிகப் பெரிய எண் 2,147,483,647. அத்தனை செக்கன் நிரம்புவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. நம் நாட்டு நேரத்திற் காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கன். தைப்பொங்கல் கழிந்து சில நாட்களே ஆகியிருக்கும். மலையிற் கொழுந்தெடுப்போர் பிரட்டு முடிந்து நிரையில் நிற்கும் வேளை அது. அடுத்த செக்கனில் திருந்தாத கணினி, கிறீனிச் நேரப்படி, 1901 டிசெம்பர் 13 என்று சொல்லும்.

முதலில் அமைத்தோர் இதனை அறியாதவரல்லர். 1971இல் வெளிவந்த முதல் யுனிக்ஸ் கைந்நூலின்படி, செக்கனின் அறுபதில் ஒரு கூறே அளவாக இருந்தது. அவ்வளவில் 32 பிற்றுக் கலம் ஏறத்தாழ 828 நாட்களில் நிரம்பிவிடும். ஆதலால் அளவைச் செக்கனாகப் பெருக்கி எல்லையைத் தள்ளிவைத்தனர். சிக்கல் தீர்ந்ததன்று, அடுத்த தலைமுறைக்குக் கைமாறியது.

3. நிகழ்ந்த இடர்கள்

2038 வரை காத்திருக்கவேண்டுவதில்லை. சிறு அளவில் எண்ணுங் கலங்கள் பலமுறை நிரம்பியுள்ளன. செக்கனின் ஆயிரத்தில் ஒரு கூறு மில்லிசெக்கன். குறியற்ற 32 பிற்றுக் கலம் 4,294,967,296 மில்லிசெக்கனில் ஒரு சுற்று முடிக்கும். அது 49 நாள் 17 மணித்தியாலம் 2 நிமிடம் 47 செக்கன். விண்டோஸ் 95, 98 ஆகியன இடையறாது 49.7 நாள் இயங்கினாற் செயலற்று நிற்கக்கூடும் என்பது 1999இல் வெளிப்பட்டது. அவற்றை அத்தனை நாள் நிறுத்தாது இயக்கினோர் அரியராதலின், குறை நெடுநாள் மறைந்திருந்தது போலும்!

நகைத்து விடுதற்கில்லை. 2004 செப்டெம்பர் 14இல், அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதி வான்போக்குவரத்து நிலையம், வானிலிருந்த நூற்றுக்கணக்கான விமானங்களோடு பேசும் வழியை மூன்று மணித்தியாலங்களுக்குமேல் இழந்தது. காரணம் இதே 49.7 நாட் கணக்கு. முப்பது நாளுக்கொருமுறை பொறியை நிறுத்தித் தொடக்குக என்பது அங்கு விதி. அம்முறை அது தவறியது. 2015இல் போயிங் 787 விமானத்தின் மின்பிறப்பாக்கிகளை ஆளுங் கருவிகள், 248 நாள் தொடர்ந்து மின்னூட்டப்பட்டிருப்பின் உள்ளெண் நிரம்பி ஒருங்கே ஓயக்கூடும் என்று அந்நாட்டு வானூர்தி ஆணையம் எச்சரித்தது. செக்கனை நூறு கூறாக்கி எண்ணுங் குறியுள்ள 32 பிற்றுக் கலம் நிரம்பும் காலமும் அதுவே என்பதை மாணவர் பெருக்கிப் பார்க்கலாம்.

விதியை நினைவிற்கொண்டு பொறியை நிறுத்தித் தொடக்குதல் திருத்தமாகாது. அது காவல் மாத்திரமே. காவற்காரன் ஒருநாள் உறங்குவான். திருத்தம் செய்நிரலினுள்ளேயே அமைதல் வேண்டும்.

4. திருத்தும் முறைகள்

முதலாவது: ஒப்பிடாதே, கழி. கணினி எப்பொழுதும் சிறு சிறு தவணைகள் வைத்துக்கொள்ளும். மீற்றர் எண்ணாலேயே காட்டுவாம். 99,995இல் நிற்கும்போது இருபது துடிப்புப் பொறுத்திரு என்று கட்டளை பிறக்கிறது. தவணை எண் 00,015 ஆகும். இப்போதைய எண் தவணை எண்ணை எட்டிற்றா என்று கேட்குஞ் செய்நிரல், அடுத்த துடிப்பிலேயே 99,996ஐயும் 15ஐயும் ஒப்பிட்டு, எட்டிற்று என்று முடித்துவிடும். இருபது துடிப்பு ஒன்றாகக் குறுகிற்று. வேறிடத்தில் இதே ஒப்பீடு ஒரு முழுச்சுற்றுக் காலம் வீணே காத்திருக்கச் செய்யும்.

திருந்திய செய்நிரல், தொடங்கியபின் எத்துணை கடந்தது என்றே கேட்கும். 00,003இல் கேட்டால், 100,003இல் 99,995 போக 8, இன்னும் ஆகவில்லை. 00,015இல் கேட்டால் 20, ஆயிற்று. கணக்கப்பிள்ளை கடன்வாங்கிய அந்த ஆறாங்கட்டத்து ஒன்றைக் கணினி தானே வாங்கிக்கொள்ளும். ஆயின் ஒரு நுட்பம் உண்டு. செய்நிரல்கள் பலவும் எழுதப்படுஞ் சி மொழியில், குறியற்ற எண் சுற்றிவரும் என்பது மொழியின் வரையறை. குறியுள்ள எண் வழிந்தால் விளைவு இன்னதென்று வரையறை இல்லை. ஆதலின் கழித்தலைக் குறியற்ற எண்ணிலேயே செய்தல் வேண்டும். இரண்டு கணங்களில் எது முந்தியது என அறிய, கழித்து வந்த விடையின் குறியைப் பார்ப்பர். அதற்கு அவ்விரண்டும் அரைச்சுற்றினும் குறைந்த தொலைவில் இருத்தல் வேண்டும். லினக்ஸ் முறைமையில் இதற்கெனவே தனிக் கட்டளைகள் உண்டு. செய்நிரலாளர் தாமே ஒப்பிடாது அவற்றையே ஆளுதல் மரபு.

இரண்டாவது: கலத்தைப் பெருக்கு. கழித்தல் சிறு தவணைக்குப் போதும், திகதிக்குப் போதாது. முழுச்சுற்று ஓடி அதே எண்ணில் நிற்கும் லொறி ஓடிற்றா ஓடவில்லையா என்பதை எக்கழித்தலும் காட்டாது. ஆகவே 32 பிற்றை 64 ஆக்குவர். 64 பிற்றில் எண்ணுஞ் செக்கன்கள் 29,200 கோடி ஆண்டுகளுக்குப் போதும்.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. லொறிக்கு ஆறுகட்ட மீற்றர் பூட்டினாற் போதுமா? ஓட்டப் புத்தகத்திலும் ஆறு கட்டம் வேண்டும். மாத அறிக்கையிலும் வேண்டும். ஓரிடத்தில் ஐந்தாக நின்றாலும் அவ்விடத்தில் வழியும். அதுபோலவே உட்கரு, நூலகம், செய்நிரல், கோப்பு, பிற பொறிக்கு அனுப்புஞ் செய்தி ஆகிய யாவற்றிலும் கலம் விரிதல் வேண்டும். ஓப்பன்பிஎஸ்டி முறைமை 2014இல் ஒரே அடியாக எல்லாவற்றையும் 64க்கு மாற்றியது. லினக்ஸோ பழைய செய்நிரல்கள் முறியாதிருக்கும் பொருட்டுப் பழைய வாயிலை மூடாது, 2019இல் பக்கத்தே புதிய வாயில்களைத் திறந்தது. ஆர்ண்ட் பேர்க்மன் முதலானோர் பல ஆண்டு உழைத்தபின், 2020 மார்ச்சில் வெளிவந்த 5.6ஆம் பதிப்பிலேயே 32 பிற்றுப் பொறிகளிலும் அதன் உட்கரு 2038ஐத் தாண்டும் நிலை எய்தியது. குனூ சி நூலகம் 2021இல் அதற்கு வழிவிட்டது. பழைய செய்நிரல்களைப் புதிய கலத்தோடு மீண்டும் தொகுத்தால் மாத்திரமே அப்பயன் அவற்றுக்குக் கிட்டும்.

கலத்தை விரித்தும் வழுவுவோர் உளர். நாட்களை மில்லிசெக்கனாக்க 24, 60, 60, 1000 எனப் பெருக்குவர். 24 நாட்களுக்கு 2,073,600,000. குறியுள்ள 32 பிற்றில் அடங்கும். 25 நாட்களுக்கு 2,160,000,000, அடங்காது. விடையை 64 பிற்றுக் கலத்தில் இட்டாலும், பெருக்கல் 32 பிற்றில் நடந்திருப்பின் வழிந்தபின் ஊற்றிய நீரே அதனுட் சேரும். பெருக்கும் முன்னரே விரித்தல் வேண்டும்.

மூன்றாவது: வழிதலை முன்கூட்டியே வருவி. பழைய லினக்ஸ் பொறிகளில் செக்கனுக்கு நூறு துடிப்பு வீதம் எண்ணிய 32 பிற்றுக் கலம் 497 நாளிற் புரண்டது. 497 நாள் காத்திருந்து பிழை காண்பவர் யார்? ஆதலின் அவ்வெண் சுழியத்தில் தொடங்காது, நிரம்புதற்கு ஐந்து நிமிடமே எஞ்சியுள்ள எண்ணில் தொடங்குமாறு செய்தனர். பொறியைத் தொடக்கிய ஐந்தாம் நிமிடத்திலேயே எண் புரளும். ஒப்பீட்டு வழு எங்கேனும் இருப்பின், அது எழுதியவர் கண்முன்னேயே வெளிப்படும். பரீட்சைக்கு முந்திய நாளன்றி, பாடம் நடந்த அன்றே மாணவனை வினவும் ஆசிரியரின் முறை இது. எமக்கு இத்திருத்தமே மிக விருப்பமானது.

மாணவர்க்குப் பயிற்சி: (அ) ஐந்துகட்ட மீற்றர் 99,940இல் தொடங்கி 00,025இல் நின்றது, ஓடிய தூரம் யாது? (ஆ) செக்கன்களை எண்ணுங் குறியற்ற 16 பிற்றுக் கலம் எப்போது புரளும்? விடை: (அ) 85. (ஆ) 65,536 செக்கனில். அஃதாவது 18 மணித்தியாலம் 12 நிமிடம் 16 செக்கனில்.

5. எளிய வழியும் அதன் விலையும்

இனி, எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்த ஒன்றைக் கூறுவாம். கலத்தைப் பெருக்காமல், மறை எண் வேண்டாம் என்று குறியை மாத்திரம் நீக்கிவிட்டால், அதே 32 பிற்று 2106 பெப்ரவரி 7 வரை போதும். செலவு மிகக் குறைவு. ஆயின் 1970க்கு முந்திய திகதிகளெல்லாம் மறை எண்களாகவன்றோ நிற்கின்றன? குறியை நீக்கினால் அவை எங்கே போகும்?

ஓர் எடுத்துக்காட்டு. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தானது. மலைநாட்டு மக்கள் 825,000 பேரின் நாடு எது என்பதைப் பங்கிட்ட திகதி அது. கணினியின் கணக்கில் அந்நாள் தொடங்கிய கணம் மறை 163,209,600. குறியற்ற கலத்தில் அதே பிற்றுக்களைப் படித்தால், அது 2100 டிசெம்பர் 6 ஆகிவிடும். கழிந்தது வருவதாகும், பிறந்தவர் பிறவாதவராவர்.

திகதி பிழைத்தால் என்ன கேடு என்று பிறர் கேட்கலாம், நாம் கேட்கலாகாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின், இம்மண்ணிலே பிறந்தோர் தம் பிறப்போடு தந்தையின் பிறப்பையும், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பித்தோர் தாம் தொடர்ந்து குடியிருந்த காலத்தையும் நிறுவவேண்டி நின்றனர். லயத்து அறையிற் பிறந்து, பதிவுக் கடதாசி இல்லாமையால் அலைந்தோர் எத்துணைப் பேர்! ஒரு திகதியை எழுதாமல் விட்ட கை அறியாது செய்த கேடு அது. இன்று கடதாசியிலுள்ள திகதிகள் கணினிக்குள் ஏற்றப்படுகின்றன. 1970க்கு முன் பிறந்து, தோட்டத்தில் உழைத்து ஓய்ந்திருக்கும் நம் பெற்றோரின் பிறந்த நாளும், அவர்தம் சேமலாப நிதிக் கணக்கும் அங்கேதான் நிற்கும். வரும் ஆண்டுகளைக் காக்கும் பொருட்டுச் சென்ற ஆண்டுகளைக் கைவிடுந் திருத்தம் திருத்தமாகாது. இருபுறமும் விரியும் 64 பிற்றுக் கலமே நேரிய வழி.

முடிவுரை

பெருங் கணினிகள் பெரும்பாலும் திருந்திவிட்டன. அஞ்சவேண்டுவது, வாங்கிப் பொருத்தியபின் எவரும் திரும்பிப் பாராத சிறு கருவிகளையே. வரவு பதியும் பொறி, கொழுந்து நிறுக்கும் இலத்திரனியல் தராசு, பள்ளிக் காரியாலயத்தின் பழைய கணினி ஆகியவற்றுள் எவை 32 பிற்றுக் காலக்கணக்கு உடையன என்பதை விற்றவரிடம் கேட்டறிதல் வேண்டும். கருவியின் திகதியை 2038 பெப்ரவரி என மாற்றிவைத்துப் பார்ப்பதும் ஒரு சோதனை. ஆயின் உள்ளேயுள்ள பதிவுகளைப் பிரதி செய்துகொண்டு, அறிந்தவர் துணையோடு செய்க.

2026இல் முதலாந் தரத்திற் சேர்ந்த குழந்தை, 2038இல் பதின்மூன்றாந் தரத்தில் இருக்கும். நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று கொழும்பிலும் கடல் கடந்தும் கணினித் துறையில் உயர்ந்து விளங்குகின்றனர். அவர்கள் விடுமுறையில் மலையேறி வரும்போது, ஒரு நாளை நம் தோட்டப் பள்ளிகளுக்கு ஒதுக்கி, இப்பாடத்தை எம்மினும் நன்றாகக் கற்பிப்பாராக. மீற்றரைப் பழியாது, கடதாசியை எடுத்துக் கழித்துப் பார்த்த அந்தக் கணக்கப்பிள்ளையின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் அன்று செய்தது ஒரு கழித்தல் மாத்திரமே. எம் தந்தையார் மறுநாள் தலைநிமிர்ந்து லொறி ஏறினார்.